33 முறை வந்து போன பக்கவாதம்!

கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை வென்ற கதை

1953-ம் ஆண்டு டிசம்பர் மாதம். இங்கிலாந்தைச் சேர்ந்த 66 வயதுப் பெண்மணி ஒருவருக்கு விநோதமான தொல்லை ஆரம்பித்தது. திடீரென்று வலது கையும் காலும் தளர்ந்துபோகும். பேச்சு வராது. இடது கண் இருண்டுவிடும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி சரியாகிவிடும். 'அப்பாடா' என்று மூச்சு விடுவதற்குள் இன்னொரு நாள் மறுபடியும் வரும்.

1954 மே மாதத்துக்குள் இப்படி 33 முறை வந்து போனது. எந்த முறை வந்தது போகாமல் நிரந்தரமாகத் தங்கிவிடுமோ, யாருக்கும் தெரியாது.

அவரை லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்த அதே இடம். கழுத்து ரத்தக்குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, இடது பக்கக் குழாய் ஓரிடத்தில் நூலிழை அளவுக்குச் சுருங்கியிருந்தது தெரிந்தது. 'அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டால்?' என்று யோசித்தார்கள் மருத்துவர்கள். அப்படியோர் அறுவைசிகிச்சை வெற்றி பெற்றதாக அதுவரை எந்த மருத்துவ இதழிலும் செய்தி வந்திருக்கவில்லை.

கழுத்தில் ஓடும் நதி

தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கத்தில் இரண்டு விரல்களை மெதுவாக வைத்துப் பாருங்கள். துடிப்பு தெரிகிறதா? அதுதான் கரோட்டிட் தமனி. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. மூளைக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு குழாய்கள் வழியாகத்தான் போகிறது. 'மயக்கமுறச் செய்தல்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இந்தக் குழாய்களை அழுத்தினால் ஆள் மயங்கிவிடுவார் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது.

தாடைக்கு அருகே இந்தக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கு, இன்னொன்று மூளைக்கு. ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டல் சேர்வதுபோல, இந்தப் பிரிவில்தான் கொழுப்பு அதிகம் படிகிறது. புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரைநோய், அதிகக் கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்து அந்தப் படிவை ஆண்டுக்கணக்கில் வளர்க்கின்றன.

குழாய் சுருங்குவதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் படிவின் மேல்தோல் வெடிப்பதுதான். எங்கேயாவது காயம் பட்டால் ரத்தத்தின் தட்டணுக்கள் ஓடிவந்து அடைக்கும் அல்லவா? குழாய்க்குள் வெடிப்பு ஏற்பட்டாலும் அவை அதே வேலையைச் செய்கின்றன. அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அதில் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போய், மூளையின் சிறு குழாயை அடைத்தால் பக்கவாதம். துணுக்கு சின்னதாக இருந்து தானே கரைந்துவிட்டால், அந்தப் பெண்மணிக்கு வந்ததுபோல 'வந்து போகும்' பக்கவாதம். 'மினி ஸ்ட்ரோக்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

மூளையின் இடது பாதி, உடலின் வலது பக்கத்தையும் பெரும்பாலானோருக்குப் பேச்சையும் ஆள்கிறது. கண்ணுக்குப் போகும் குழாயோ அதே பக்கத்துக் கழுத்துக் குழாயின் கிளை. அதனால்தான் இடது கழுத்தில் அடைப்பு இருந்த அவருக்கு வலது கை, கால் தளர்ந்தன. இடது கண் இருண்டது.

கழுத்தை யாரும் பார்க்கவில்லை

இந்த முடிச்சை அவிழ்த்தவர் மில்லர் ஃபிஷர் என்ற கனடா நரம்பியல் மருத்துவர். பக்கவாதம் என்றால் கோளாறு மூளைக்குள்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. இறந்தவர்களைப் பரிசோதிக்கும்போதும் தலையைத் திறப்பார்கள், நெஞ்சைத் திறப்பார்கள். நடுவில் இருக்கும் கழுத்தைத் தொட மாட்டார்கள்.

கை, கால் செயலிழந்த நோயாளி ஒருவர், 'இதற்கு முன்னால் எனக்கு ஒரு கண் அவ்வப்போது தெரியாமல் போய்த் திரும்பியது, டாக்டர்' என்று ஃபிஷரிடம் சொன்னார். செயலிழந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துக் கண். இரண்டையும் ஒரே குழாய்தான் இணைக்க முடியும். அது கழுத்தில் இருக்கிறது! ஃபிஷர் தேடிப் பார்த்தார். அடைப்பு அங்கேதான் இருந்தது. 1951-ல் வெளியிட்ட கட்டுரையில், எச்சரிக்கை அறிகுறிகள் வந்து போகும் காலத்திலேயே இந்த அடைப்பை அறுவைசிகிச்சையால் தாண்டிச் செல்லும் நாள் ஒன்று வரலாம் என்றும் எழுதினார்.

அந்த நாள் மூன்றே ஆண்டுகளில் வந்தது.

28 நிமிடங்கள்

1954 மே 19. செயின்ட் மேரி மருத்துவமனையில் ஃபீலிக்ஸ் ஈஸ்ட்காட், சார்லஸ் ராப் குழுவினர் தயாரானார்கள். குழாயைச் சரிசெய்ய வேண்டுமானால் சிறிது நேரம் ரத்த ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் மூளை தாங்குமா? குளிரில் மூளைக்கு ஆக்ஸிஜன் தேவை குறையும் என்பதால், மயக்க நிலையில் இருந்த அந்தப் பெண்மணியின் உடலைப் பனிக்கட்டிகளால் 28 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தார்கள். குழாயைக் கிடுக்கியால் பிடித்து, அடைப்பு இருந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். ரத்த ஓட்டம் நின்றிருந்தது 28 நிமிடங்கள்.

அவர் நலமாகக் கண் விழித்தார். அந்தத் தொல்லை பிறகு வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் 'லான்செட்' இதழில் செய்தி வெளியாகி, மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி, 1953 ஆகஸ்ட்டிலேயே 53 வயது ஆண் ஒருவருக்குக் குழாயைத் திறந்து, உள்ளே படிந்த அடைப்பைச் சுரண்டி எடுத்திருந்தார். அந்த நோயாளி 19 ஆண்டுகள் மறுபடி பக்கவாதம் இல்லாமல் வாழ்ந்தார். ஆனால், டிபேக்கி அதை விரிவாக எழுதியது 1975-ல்தான். அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகர மருத்துவர்களோ 1951-லேயே கழுத்துக் குழாயைச் சீராக்கியிருந்தார்கள், எழுதியது 1955-ல். மூன்று ஊர், மூன்று குழு, ஒரே கனவு!

'நிரூபித்துவிட்டீர்களா?'

சிகிச்சை பிரபலமானது. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழுத்துக் குழாய் அறுவைசிகிச்சைகள் நடந்தன. அப்போதுதான் ஒருவர் சங்கடமான கேள்வியைக் கேட்டார். 'சரி, இதனால் உண்மையிலேயே பக்கவாதம் குறைகிறது என்று யாராவது நிரூபித்திருக்கிறீர்களா?'

கேட்டவர் ஹென்றி பார்னெட். கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது; அங்கே பணியாற்றிய நரம்பியல் நிபுணர். கேள்வியில் நியாயம் இருந்தது. அடைப்பைச் சுரண்டும்போதே துணுக்கு மேலே போய்ப் பக்கவாதம் வரலாம். எதைத் தடுக்கப் போகிறார்களோ, அதையே சிகிச்சை கொண்டுவந்துவிடலாம்.

ஏற்கெனவே ஒருமுறை பார்னெட் அறுவைசிகிச்சை நிபுணர்களின் கோபத்தைச் சம்பாதித்திருந்தார். பொட்டுப் பகுதியின் தோலுக்கடியில் ஓடும் குழாயை, மண்டையோட்டில் துளையிட்டு மூளைக் குழாயோடு இணைக்கும் 'பைபாஸ்' அப்போது பரவலாக நடந்துகொண்டிருந்தது. 1,377 நோயாளிகளை இரு பிரிவாக்கி அவருடைய குழு சோதித்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குப் பக்கவாதம் குறையவில்லை என்று 1985-ல் முடிவு வந்தது. கடும் விவாதம் கிளம்பியது. அடைப்புக்கான அந்த பைபாஸ் வேகமாகக் குறைந்துபோனது.

இப்போது கழுத்தின் முறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 மருத்துவமனைகள். மினி ஸ்ட்ரோக்கோ லேசான பக்கவாதமோ வந்தவர்களை, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். மற்றொரு பிரிவுக்கு மருந்தோடு அறுவைசிகிச்சை.

70 சதவிகிதத்துக்கு மேல் அடைப்பு இருந்த 659 பேரின் முடிவு 1991-ல் வந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டே ஆண்டுகளில் 26 சதவிகிதம் பேருக்கு அந்தப் பக்கத்தில் பக்கவாதம் வந்திருந்தது. அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் 9 சதவிகிதம் பேருக்கு மட்டுமே. ஆறு பேருக்குச் சிகிச்சை செய்தால் ஒருவர் பக்கவாதத்திலிருந்து தப்புகிறார்! இந்த அளவு வித்தியாசம் தெரிந்த பிறகு மற்றவர்களைக் காத்திருக்க வைப்பது தர்மமல்ல என்று, அந்தப் பிரிவினருக்கான சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அறுவைசிகிச்சைக்கு எதிரி என்று பேரெடுத்தவரே, அதற்கு அசைக்க முடியாத சான்றைத் தேடித் தந்தார். கூடவே ஓர் எல்லைக்கோடும் போட்டார். 50 முதல் 69 சதவிகித அடைப்புக்குப் பலன் சுமார்தான். 50-க்குக் கீழே பலனில்லை.

வாயில் மென்ற ஆஸ்பிரின்

கத்தி ஒரு பக்கம் என்றால், மாத்திரை மறுபக்கம். கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் நகரில் லாரன்ஸ் கிரேவன் என்ற குடும்ப மருத்துவர் இருந்தார். டான்சில் அறுவைக்குப் பிறகு வலி குறைய ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் தருவது அவர் வழக்கம். அதை அதிகம் மென்றவர்களுக்கு ரத்தக்கசிவு கூடுவதைக் கவனித்தார். 'ரத்தம் உறைவதை இது தடுக்கிறதென்றால், குழாயில் கட்டி சேர்வதையும் தடுக்குமே!' என்று தோன்றியது. ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு தினமும் ஆஸ்பிரின் கொடுத்தார். 1950-களில் சிறிய இதழ்களில் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1978-ல் கனடாவில் 585 நோயாளிகளிடம் நடந்த சோதனை, ஆஸ்பிரின் பக்கவாதத்தைக் குறைக்கும் என்று காட்டியது. அதை வழிநடத்தியவரும் பார்னெட்தான்!

பொம்மையை அழுத்துங்கள்!

இன்று பனிக்கட்டி தேவையில்லை. கழுத்தில் சிறு கீறல். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து. குழாயைத் திறந்து, படிவை உரித்து எடுத்து, பெரும்பாலும் ஒட்டுப்போட்டுத் தைக்கிறார்கள். சில மருத்துவமனைகளில் கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். நோயாளியின் கையில், அழுத்தினால் 'கீச்' என்று கத்தும் ரப்பர் பொம்மை. சிகிச்சை நடக்கும்போதே 'அழுத்துங்க' என்பார் மருத்துவர். சத்தம் கேட்டால் மூளைக்கு ரத்தம் போகிறது என்று அர்த்தம்! விழித்திருப்பது நல்லதா, முழு மயக்கம் நல்லதா என்று 3,526 பேரிடம் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. பெரிய வித்தியாசமில்லை.

'ஸ்டென்ட் வைத்துவிடலாமே?' என்று கேட்கலாம். 2,502 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் பதில் சொன்னது. மொத்தத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஆனால், சிகிச்சையை ஒட்டிய நாள்களில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பக்கவாதமும், அறுவைசிகிச்சை செய்தவர்களுக்கு மாரடைப்பும் சற்று அதிகம். எது யாருக்கு என்பதை வயது, இதயநலம், குழாயின் அமைப்பு ஆகியவற்றைப் பார்த்தே முடிவுசெய்கிறார்கள்.

இந்தியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆசிய மக்களுக்குக் கழுத்தைவிட மண்டையோட்டுக்கு உள்ளே இருக்கும் குழாய்களில் அடைப்பு வருவது அதிகம். அங்கே ஸ்டென்ட் வைத்தால் என்ன? 451 பேரிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். முதல் 30 நாள்களில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவிகிதம், தீவிர மருந்துச் சிகிச்சையில் 5.8 சதவிகிதம். 2011-ல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு, அங்கே மருந்துக்கே முதலிடம்.

எந்த அறிகுறியும் இல்லாமல் ஸ்கேனில் மட்டும் அடைப்பு தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். ஸ்டாடின் மாத்திரைகள், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவற்றால் இப்போது அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. நரம்பியல், ரத்தக்குழாய் நிபுணர்கள் இருவரிடமும் கேட்டு முடிவெடுப்பது நல்லது.

'சரியாகிடுச்சே' என்று விட்டுவிடாதீர்கள்!

அந்தப் பெண்மணிக்கு 33 வாய்ப்புகள் கிடைத்தன. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. மினி ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு முதல் சில நாள்கள்தான் மிகவும் ஆபத்தானவை. உடனடியாகச் சிகிச்சை தொடங்கினால், 90 நாள்களுக்குள் பக்கவாதம் வருவது 10.3 சதவிகிதத்திலிருந்து 2.1 சதவிகிதமாகக் குறைந்ததை 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு காட்டியது. அறுவைசிகிச்சை தேவைப்பட்டாலும், இரண்டு வாரங்களுக்குள் செய்தால்தான் முழுப் பலன்.

வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை:

* சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?
* இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை கீழே இறங்குகிறதா?
* ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். குழறுகிறதா?
* ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்ததா?

ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையைத் தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்யலாம். இருந்தாலும், ஒவ்வொரு நிமிடமும் மூளையின் ஒரு பகுதி செத்துக்கொண்டிருக்கிறது என்பதால் முந்துவதே மேல். வீட்டில் நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவாலும் பக்கவாதம் வரும். அதற்கு ஆஸ்பிரின் ஆபத்து. ஸ்கேன் பார்த்துவிட்டு மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

அரை மணி நேரத்தில் கை, கால் பழையபடி ஆகிவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அடுத்த முறை அது வந்து போகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.