மண்ணுக்கு ஒரு சுழல், காற்றுக்கு ஒரு சுழல்

சுழலும் பந்து – 9

சென்ற வாரம் அஸ்வினின் கேரம் பாலைப் பார்த்தோம். சென்னையின் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ‘சொடக்குப் பந்து’ என்று புழங்கிய வித்தை அது. நடுவிரலை மடக்கிப் பந்தைச் சுண்டிவிடும் அந்த வித்தை டெஸ்ட் மைதானம் வரை போனது. அவர் எடுத்த 537 டெஸ்ட் விக்கெட்டுகளில் அதற்கும் பங்குண்டு.

அதைப் படித்துவிட்டு எங்கள் திருக்கோகர்ணத்து மாணவி ஒருத்தி ஒரு சந்தேகம் கேட்டாள். தெருவில் அண்ணன்மாரோடு டென்னிஸ் பந்தில் ஆஃப் ஸ்பின் போட்டுப் பழகியவள். இந்த வருஷம் பள்ளி சாஃப்ட்பால் அணியில் பந்து எறிகிறாள். “சார், கிரிக்கெட்ல தரையில குத்துனாதான் பந்து திரும்பும். சாஃப்ட்பால்ல பந்து தரையிலயே படாது. நானும் நல்லாத்தான் சுத்திவிடுறேன், ஆனா நேராப் போயிடுது. அப்புறம் சுத்தி என்ன பிரயோஜனம்?”

பிரயோஜனம் நிறைய இருக்கிறது. அவள் சுற்றிவிடுவதில் வேகக் குறைவும் இல்லை. பந்து எந்த அச்சில் சுற்றுகிறது என்பதுதான் சிக்கல். இந்த வாரம் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் ஆட்டத்தின் அளவுகள். பெண்கள் சாஃப்ட்பாலில் பந்து எறியும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும், மட்டைக்காரர் பக்கத்து ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி. கையைத் தோளோடு முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பருகே கீழிருந்து பந்தை விடவேண்டும். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எடை 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. காலை முன்னால் வீசி வைத்து எறிவதால் பந்து உண்மையில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 11 மீட்டர்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 0.4 விநாடியில் மட்டையை எட்டிவிடும். அந்த நேரத்துக்குள் பந்து ஒரு சாண் விலகினாலும் மட்டைக்கு அகப்படாது. அந்த விலகலைத் தரவேண்டியது காற்று மட்டுமே.

சுழலும் உருண்டை காற்றில் ஏன் வளைகிறது என்பதைச் சோதனை செய்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். அவர் எடுத்துக்கொண்டது விளையாட்டுப் பந்தை அல்ல, துப்பாக்கிக் குண்டை. உருண்டைக் குண்டுகள் குறி தப்பிப் பக்கவாட்டில் போவதற்கு அவற்றின் சுழற்சியே காரணம் என்று 1742இல் வெளியான தன் பீரங்கி நூலில் எழுதினார். பெரும் கணித மேதை ஆய்லர் அந்த நூலை ஜெர்மனில் கொண்டுவந்தபோதும் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. குண்டின் வடிவக் கோளாறே காரணம் என்றார். ராபின்ஸ் விடவில்லை. துப்பாக்கிக் குழாயின் முனையை இடப்பக்கமாக வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் கிளம்பி, பறக்கப் பறக்க வலப்பக்கம் திரும்பியது. வளைந்த குழாயின் வலச் சுவரை ஒட்டி உருண்டு வந்ததால் அதற்கு அந்தச் சுழற்சி கிடைத்திருந்தது.

இதே ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக, கோட்டைகளைச் சீரமைக்க நம் கடற்கரைக்கு வந்தார். 1751 ஜூலையில் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் இறந்தார். நூறு ஆண்டு கழித்து பெர்லினில் குஸ்டாவ் மாக்னஸ் சுழலும் உருளைகளைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தார். ‘மாக்னஸ் விளைவு’ என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. கடலூர்ப் பக்கம் கோட்டையைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு ராபின்ஸின் பெயரையும் யாராவது சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

நடப்பது இதுதான். சுழலும் பந்து தன் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தையும் சேர்த்து இழுக்கிறது. பந்தின் ஒரு பக்கத்தில் காற்று சீக்கிரம் பிரிந்துவிடுகிறது. மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டே பின்பக்கம் வரை வருகிறது. அதனால் பின்னால் போகும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. நினைவில் வைக்க ஒரே விதி போதும்: பந்தின் முன்முகம், அதாவது மட்டைக்காரரைப் பார்த்த முகம், எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கம் பந்து போகும். முன்முகம் கீழே உருண்டால் டிராப் பால். மேலே உருண்டால் ரைஸ் பால். பக்கவாட்டில் உருண்டால் கர்வ் பால்.

இப்போது மாணவியின் ஆஃப் ஸ்பின்னுக்கு வருவோம். ஆஃப் ஸ்பின்னில் அச்சு பெருமளவு பிட்ச் நீளத்துக்கு, பந்து போகும் திசையிலேயே படுத்திருக்கும். மட்டைக்காரருக்கு அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டே எதிரில் வரும். முன்முகம் மேலும் உருளாது, கீழும் உருளாது, பக்கவாட்டிலும் உருளாது. ஆகவே காற்று அதை ஏறக்குறைய எந்தப் பக்கமும் தள்ளாது. தரையில் குத்தும்போதுதான் பந்தின் அடிப்பக்கம் மண்ணைப் பக்கவாட்டில் பிறாண்டித் திரும்புகிறது. மண்ணுக்கு மிகப் பிடித்த சுழல் அது. காற்றுக்கு அதனிடம் வேலையே இல்லை. அவள் பந்து நேராகப் போனதற்கு இதுதான் காரணம்.

சாஃப்ட்பாலில் பலர் ரைஸ் பால் என்று நம்பி எறிவதும் பெரும்பாலும் இப்படித் துப்பாக்கி ரவைபோலச் சுற்றும் பந்துதான். கை கீழிருந்து மேலே வரும்போது விரல்கள் பந்தின் பின்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துவிடுவது இயல்பு. அதனால் முன்முகம் கீழே உருண்டு டாப் ஸ்பின் கிடைக்கும். டிராப் பால் முதலில் கைவருவது அதனால்தான். ரைஸ் பாலுக்கான பேக் ஸ்பின் வேண்டுமானால் விரல்கள் பந்தின் அடியில் நுழைந்து, மணிக்கட்டு முழுசாகத் திரும்பவேண்டும். பாதி திரும்பினால் அச்சு பந்து போகும் திசையில் நின்றுவிடும்.

சரியாகப் போட்டாலும் ரைஸ் பால் வழியில் திடீரென மேலே ஏறுவதில்லை. 0.4 விநாடியில் புவியீர்ப்பு எந்தப் பந்தையும் முக்கால் மீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும். வழக்கமான சுழற்சியில் காற்று தரும் மேல்விசை பந்தின் எடையில் பாதியைக்கூட எட்டாது. ஆனால் கீழிருந்து மேல்நோக்கிக் கிளம்பிய பந்து, கண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்குவதில்லை. மட்டை அதன் அடியில் காற்றை வெட்டுகிறது. டிராப் பாலில் இதே கணக்கு தலைகீழாக நடக்கிறது. இரண்டையும் ஒரே கையசைவில் போடத் தெரிந்தவளை அடிப்பது மிகக் கடினம். ஜப்பானின் யுகிகோ உஎனோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாளில் 413 பந்துகள் எறிந்து தங்கம் வாங்கித் தந்தார். 2021இல் டோக்கியோவில் 39 வயதில் மறுபடியும் தங்கம். இதற்குத் தோள்வலு மட்டும் போதாது.

இதைப் பழக விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எடைக்கு ஒப்பிட்டால் காற்று படும் பரப்பு கிரிக்கெட் பந்தைவிட சாஃப்ட்பாலுக்கு அதிகம். டென்னிஸ் பந்துக்கு இன்னும் அதிகம். ஆகவே அச்சு சரியாக அமைந்தால் டென்னிஸ் பந்து நன்றாகவே வளைந்து காட்டும். பந்தைச் சுற்றி நடுவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் வழியாகவே விரல்களை உருட்டி விடுங்கள். கோடு தெளிந்த பட்டையாக மேலிருந்து கீழே ஓடினால் டாப் ஸ்பின்னுக்கோ பேக் ஸ்பின்னுக்கோ உரிய அச்சு கிடைத்துவிட்டது. எதிரில் நிற்பவர் கண்ணுக்குப் பந்தின் நடுவில் ஒரு புள்ளி அசையாமல் நின்று, மற்றதெல்லாம் அதைச் சுற்றினால் அது ரவைச் சுழல். கோடு தள்ளாடினால் விரல் கோணலாக விடுகிறது. பத்தடி தூரத்தில் மெதுவாக இதைச் சரிசெய்துவிட்டு வேகத்தைக் கூட்டலாம்.

பி.டி. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். “இன்னும் வேகமாச் சுத்து” என்று சொல்வதற்கு முன், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பிள்ளையையே பார்த்துச் சொல்லவையுங்கள். தவறான அச்சில் எத்தனை வேகம் கூட்டினாலும் தோள் வலிதான் மிஞ்சும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருகிறது. நம் ஊர்ப் பெண்களுக்குச் சுண்டத் தெரிந்த விரல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அச்சைத் திருப்பக் கற்றுக்கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

அடுத்த வாரம்: சுழலே இல்லாமல் தள்ளாடி வரும் பந்து.