டாஸ் கால விளையாட்டுகள்: மூலநிரலைத் தேடிக் காக்கும் பணி

தனிநபர் கணினிகள் பரவத் தொடங்கிய 1980களிலும், அதைத் தொடர்ந்த 1990களின் முற்பகுதியிலும், அவற்றில் பெரும்பாலானவற்றை இயக்கியது டாஸ் எனப்படும் இயங்குதளம். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து பயன்படுத்த வேண்டிய அந்தக் கணினிகளுக்காக ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் எழுதப்பட்டன.

அவற்றில், எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமையுடன் மூலநிரலும் வெளியிடப்பட்டவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றைத் தேடி அடையாளம் கண்டு பாதுகாக்கும் பணியில் பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்களும், ஆவணக் காப்பகங்களும் ஈடுபட்டுள்ளனர்.

பழைய வட்டுகள் பழுதடைந்து வருகின்றன. விளையாட்டுகளை உருவாக்கிய நிறுவனங்கள் பல மூடப்பட்டுவிட்டன. தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பணி மேலும் கடினமாகிறது.

இலவசமும் கட்டற்றதும் ஒன்றல்ல

டாஸ் காலத்தில் விளையாட்டுகள் பெரும்பாலும் ஃபிளாப்பி வட்டுகள் மூலமாகக் கைக்குக் கை மாறின. அவற்றில் பல "ஷேர்வேர்" என்ற முறையில் வெளியானவை. விளையாட்டின் முதற்பகுதியை எவரும் இலவசமாகப் படியெடுத்துக் கொடுக்கலாம். மீதியைப் பெற விரும்புவோர் பணம் அனுப்ப வேண்டும் என்பதே அந்த முறை. வேறு சில "ஃப்ரீவேர்" என்ற பெயரில் முழுமையாக இலவசமாகவே கிடைத்தன.

ஆனால் இவ்விரு வகைகளிலும் பயனருக்குக் கிடைத்தது இயங்கும் கோப்பு மட்டுமே. அந்த விளையாட்டு எவ்வாறு எழுதப்பட்டது என்பதைக் காட்டும் மூலநிரல், எழுதியவரிடமே இருந்தது. கோப்பைத் திருத்தவோ, விற்கவோ, வேறு கணினிக்கு ஏற்ப மாற்றவோ பொதுவாக அனுமதி தரப்படவில்லை.

"கைவிடப்பட்ட மென்பொருள்" என்று பொருள்படும் சொல் ஒன்றும் புழக்கத்தில் உள்ளது. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளைக் குறிக்க அது பயன்படுகிறது. ஆனால் சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை. விற்பனை நின்றுவிட்டதால் மட்டும் பதிப்புரிமை நீங்கிவிடுவதில்லை.

திறந்த மூல மென்பொருள் என்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் மூலநிரலும், அதைப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் எழுத்துபூர்வமான உரிமமும் இருக்க வேண்டும். இவ்வகை உரிமங்களில் புகழ்பெற்ற ஜிஎன்யூ பொது உரிமத்தின் முதற்பதிப்பு 1989இல் வெளியானது. "திறந்த மூலம்" என்ற சொற்றொடரோ 1998இல்தான் பரவலாகத் தொடங்கியது. அதாவது, டாஸின் பொற்காலம் முடிந்த பின்னரே அந்தப் பெயர் வந்தது.

எனினும், 1987இல் முதன்முதலாக வெளியான நெட்ஹேக் போன்ற சில விளையாட்டுகள் தொடக்கம் முதலே மூலநிரலுடன் வழங்கப்பட்டன. எழுத்துகளையும் குறியீடுகளையும் மட்டுமே கொண்டு சுரங்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் அந்த விளையாட்டு, டாஸ் உட்படப் பல இயங்குதளங்களில் ஓடியது. அது இன்றளவும் மேம்படுத்தப்பட்டு வருவதற்கு அதன் உரிமமே முக்கியக் காரணம்.

டூம் காட்டிய வழி

வணிக விளையாட்டுகளைப் பொறுத்தவரை பெரிய திருப்பத்தை ஏற்படுத்தியது அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம். 1992இல் வெளியான தனது வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டின் மூலநிரலை அது 1995இல் வெளியிட்டது. 1993 டிசம்பரில் வெளியாகி உலகப் புகழ்பெற்ற டூம் விளையாட்டின் மூலநிரல் 1997 டிசம்பரில் வெளியானது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. டூம் விளையாட்டின் டாஸ் வடிவத்தில் ஒலியைக் கையாள்வதற்கு வெளியாரிடமிருந்து உரிமம் பெற்ற நிரல் பயன்படுத்தப்பட்டிருந்தது. அதை வெளியிட ஐடி நிறுவனத்துக்கு உரிமை இல்லை. எனவே லினக்ஸ் இயங்குதளத்துக்கான வடிவமே வெளியிடப்பட்டது. உலகம் முழுவதும் டாஸ் கணினிகளில் ஆடப்பட்ட ஒரு விளையாட்டின் மூலநிரல், டாஸுக்கு உரிய பகுதிகள் இல்லாமலேயே வெளிவந்தது.

முதலில் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதித்த உரிமம், 1999இல் ஜிஎன்யூ பொது உரிமமாக மாற்றப்பட்டது. அதன் பின்னர் ஆர்வலர்கள் டூமைப் பல்வேறு இயங்குதளங்களுக்கும் கருவிகளுக்கும் கொண்டுசென்றனர். டாஸுக்குரிய வடிவங்களும் மீண்டும் எழுதப்பட்டன.

ஆனாலும் டூம் முழுமையாகக் கட்டற்றதாகிவிடவில்லை. நிரல் மட்டுமே திறந்துவிடப்பட்டது. படங்கள், ஒலிகள், கட்டங்கள் அடங்கிய தரவுக் கோப்பு இன்றும் நிறுவனத்தின் சொத்து. இந்தக் குறையைப் போக்க உருவானதுதான் ஃப்ரீடூம் திட்டம். அதில் தன்னார்வலர்கள் படங்களையும் ஒலிகளையும் கட்டங்களையும் புதிதாக உருவாக்கி, கட்டற்ற உரிமத்தில் வழங்குகிறார்கள்.

உரிமங்களின் சிக்கல்

மூலநிரல் கிடைக்கிறது என்பதாலேயே ஒரு விளையாட்டு திறந்த மூலம் ஆகிவிடாது என்பதற்கு டியூக் நுகெம் 3டி மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் மூலநிரல் 2003 ஏப்ரலில் ஜிஎன்யூ பொது உரிமத்தில் வெளியானது. ஆனால் அதன் அடித்தளமாக விளங்கும் "பில்ட்" என்ற இயந்திர நிரல், கென் சில்வர்மேன் எழுதியது. வணிகப் பயன்பாட்டைத் தடை செய்யும் தனி உரிமத்தில் அது வெளியிடப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் விளையாட்டு இயங்கும். ஆனால் இரு உரிமங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

இத்தகைய சிக்கல்கள் சில நேரம் தீர்க்கப்பட்டும் உள்ளன. ஹெரெடிக், ஹெக்சன் ஆகிய விளையாட்டுகளின் மூலநிரல் 1999இல் கட்டுப்பாடுகள் நிறைந்த உரிமத்தில் வெளியானது; 2008இல் அது ஜிஎன்யூ பொது உரிமத்துக்கு மாற்றப்பட்டது. பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தில் 1990இல் பிறந்த ஆங்பேண்ட் விளையாட்டின் பழைய உரிமமும் வணிகப் பயன்பாட்டைத் தடுத்தது. அதற்குப் பங்களித்தவர்களைத் தேடித் தொடர்புகொண்டு, ஒப்புதல் பெற்று, 2009இல் அதன் உரிமம் மாற்றப்பட்டது.

பல ஆண்டுகளுக்கு முன் சில வரிகள் எழுதிக் கொடுத்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதும் மென்பொருள் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பதை இது உணர்த்துகிறது.

தொலைந்துபோன மூலநிரல்

உரிமையாளருக்கு விருப்பம் இருந்தும், கொடுப்பதற்கு மூலநிரலே இல்லாத நிலையும் உண்டு. பின்னாளில் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் தலைவராகப் புகழ்பெற்ற டிம் ஸ்வீனி, 1991இல் வெளியிட்ட இசட்இசட்டி என்ற விளையாட்டு இதற்குச் சான்று. ஆடுவோரே புதிய உலகங்களை உருவாக்க வழிசெய்த அந்த விளையாட்டின் மூலநிரல் தொலைந்துபோனது.

இயங்கும் கோப்பை வரிவரியாக ஆராய்ந்த நிரலாளர் ஒருவர், அதிலிருந்து மூலநிரலை மீட்டெழுதினார். பழைய டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட அந்தப் புதிய நிரலைத் தொகுத்தால், 1990களில் வெளியான அதே கோப்பு ஒரு பைட்டும் மாறாமல் கிடைத்தது. ஸ்வீனியின் ஒப்புதலுடன் 2020இல் அது எம்ஐடி எனும் தாராளமான உரிமத்தில் வெளியிடப்பட்டது.

டாஸ் கணினிகளிலும் பெரும் வரவேற்பைப் பெற்ற பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாட்டின் கதை வேறு விதமானது. ஆப்பிள் II கணினிக்காக ஜோர்டன் மெக்னர் எழுதிய முதல் மூலநிரல் நீண்ட காலம் காணாமற்போயிருந்தது. 2012இல் பழைய பெட்டி ஒன்றில் வட்டுகள் கண்டெடுக்கப்பட்டன. வல்லுநர்கள் அவற்றிலிருந்து தரவைப் பத்திரமாகப் படித்தெடுத்து, இணையத்தில் வெளியிட்டனர். எனினும் வெளியீடும் உரிமமும் ஒன்றல்ல. படிக்கக் கிடைப்பதால் மட்டும் அந்த நிரல் திறந்த மூலம் ஆகிவிடவில்லை.

எங்கே தேடுவது?

திறந்த மூல டாஸ் விளையாட்டுகளைத் தேடுவோர்க்கு முதல் ஆதாரம், நிறுவனங்களே முன்வந்து வெளியிட்டவை. அபோஜி நிறுவனம் தனது தொடக்ககால வெளியீடுகளான குரோஸ் வரிசை உள்ளிட்ட சில விளையாட்டுகளை 2009இல் ஜிஎன்யூ பொது உரிமத்தில் வெளியிட்டது. கேட்டகோம் வரிசையின் மூலநிரல் 2014இல் அதே உரிமத்தில் வந்தது. கமாண்டர் கீன் வரிசையைச் சேர்ந்த கீன் டிரீம்ஸ் விளையாட்டுக்கு, ஆர்வலர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டி உரிமையை வாங்கி, அதே ஆண்டில் மூலநிரலை வெளியிட்டனர்.

இரண்டாவது ஆதாரம், பழைய கோப்புக் களஞ்சியங்கள். ஒரு காலத்தில் டாஸ் மென்பொருள்களின் பெருங்களஞ்சியமாக விளங்கிய சிம்டெல் 2013இல் மூடப்பட்டது. தனிநபர் பக்கங்கள் எண்ணற்றவற்றைத் தாங்கியிருந்த ஜியோசிட்டீஸ், ஜப்பான் நீங்கலாக, 2009இலேயே மூடப்பட்டது. அக்காலத்தில் களஞ்சியங்களின் நகல்கள் குறுவட்டுகளாக விற்கப்பட்டிருந்தன. அவ்வட்டுகளே இன்று பல விளையாட்டுகளுக்குக் கடைசிச் சான்றாக உள்ளன.

அத்தகைய தொகுப்புகளில் கிடைக்கும் ஒரு விளையாட்டு உண்மையிலேயே திறந்த மூலமா என்பதை அறிய, அதனுடன் வரும் உரைக்கோப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். "தாராளமாகப் படியெடுங்கள், விற்காதீர்கள்" என்ற குறிப்பு நல்லெண்ணத்தைக் காட்டுகிறதே தவிர, திருத்தும் உரிமையைத் தருவதில்லை.

கண்டெடுத்ததை இயக்குவது எப்படி?

மூலநிரலைச் சேமிப்பது பாதிப் பணியே. அதை இயங்கும் கோப்பாக மாற்றும் கம்பைலர், அது ஓடுவதற்கான இயங்குதளம் ஆகியவையும் தேவை. டாஸ் காலத்தில் பலரும் பயன்படுத்திய போர்லாண்ட் நிறுவனக் கம்பைலர்கள் திறந்த மூலமல்ல. மாறாக, 1989இல் தொடங்கப்பட்ட டிஜேஜிபிபி கட்டற்ற கம்பைலரை டாஸுக்குக் கொண்டுவந்தது. 1996இல் வெளியான குவேக் விளையாட்டின் டாஸ் வடிவம் அதைக் கொண்டே தொகுக்கப்பட்டது.

இயங்குதளத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் மாணவராக இருந்த ஜிம் ஹால் 1994 ஜூனில் தொடங்கிய ஃப்ரீடாஸ் திட்டம் இன்றும் தொடர்கிறது. எம்எஸ்-டாஸைக் கைவிட மைக்ரோசாஃப்ட் முடிவு செய்ததே அதற்குத் தூண்டுதல். அதன் முழுமையான முதற்பதிப்பு 2006இல் வந்தது. 2016இல் வெளியான 1.2 பதிப்பு முதல் திறந்த மூல விளையாட்டுகளும் அதனுடன் சேர்த்து வழங்கப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் எம்எஸ்-டாஸின் தொடக்கப் பதிப்புகளை 2018இலும், 4.00 பதிப்பை 2024இலும் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது.

புதிய கணினிகளில் பழைய பயாஸ் முறை கைவிடப்பட்டு வருவதால், டாஸை நேரடியாக இயக்குவது அரிதாகி வருகிறது. எனவே பழைய கணினியின் செயற்பாட்டை அப்படியே போலச்செய்யும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் கைகொடுக்கின்றன. 2002இல் வெளியான டாஸ்பாக்ஸும் திறந்த மூல மென்பொருளே.

மூலநிரலின் அருமை இங்குதான் தெளிவாகத் தெரிகிறது. டர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட பல நிரல்கள், சுமார் 200 மெகாஹெர்ட்ஸைவிட வேகமான கணினிகளில் தொடங்கும்போதே "பிழை 200" என்று நின்றுவிடும். கணினியின் வேகத்தை அளக்கும் ஒரு வகுத்தல் கணக்கு பொய்த்துப்போவதே காரணம். மூலநிரல் இருந்தால் திருத்தப்பட்ட நூலகத்துடன் மறுபடி தொகுத்துவிடலாம். இல்லையேல் ஒட்டுவேலைகளையே நம்ப வேண்டியிருக்கும்.

சட்டத்தின் நிலை

அமெரிக்காவின் விடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை. நிறுவனங்கள் உருவாக்கிய படைப்புகளுக்கு அமெரிக்காவில் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. இதன்படி டூம் 2088ஆம் ஆண்டு முடியும்வரை சட்டப் பாதுகாப்பில் இருக்கும். ஃபிளாப்பி வட்டு எதுவும் அதுவரை தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியே வழங்க நூலகங்களை அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கை, 2024 அக்டோபரில் அமெரிக்காவில் நிராகரிக்கப்பட்டது. திறந்த உரிமம் பெற்ற விளையாட்டுகளுக்கு இத்தகைய தடை ஏதுமில்லை. பிரான்சில் 2016இல் தொடங்கப்பட்டு, யுனெஸ்கோவுடன் இணைந்து செயற்படும் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் போன்ற காப்பகங்கள் அவற்றின் மூலநிரலைத் தயக்கமின்றிச் சேமிக்க முடிகிறது.

இந்தக் கேள்விகள் விளையாட்டுகளோடு நின்றுவிடுவதில்லை. கனடாவில் உருவான ஆதமி, மலேசியாவில் உருவான முரசு என, கணினித் திரையில் தமிழைக் கொண்டுவந்த தொடக்ககால முயற்சிகளும் 1980களில் டாஸ் கணினிகளில் தோன்றியவையே. யூனிகோட் வருவதற்கு முந்தைய அக்கால மென்பொருள்கள் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டு முறைகளைக் கையாண்டன. அம்முறைகளில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்களைப் படிக்க, மென்பொருளோ அதன் குறியீட்டு விவரமோ எங்காவது எஞ்சியிருக்க வேண்டும்.

டாஸ் காலத்தில் நிரல் எழுதியவர்களில் பலர் இன்று முதுமையை நெருங்கியுள்ளனர். அவர்களின் வீடுகளில் கிடக்கும் வட்டுகளைப் படித்தெடுப்பதும், ஒரு பக்க அளவிலாவது உரிமக் கடிதம் பெறுவதும் இப்போதைக்கு இயலும் காரியங்கள். கேட்பதற்கு ஆளிருக்கும்போதே அவை கேட்கப்படுமா என்பதைப் பொறுத்தே எஞ்சியுள்ள விளையாட்டுகளின் எதிர்காலம் அமையும்.