வண்டி யாருடையது?

பெங்களூரில் ஒருவர் தம் பழைய மோட்டார் சைக்கிளை விற்கிறார். சேலத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் அதை வாங்கி ஊருக்கு ஓட்டி வருகிறார். பணமும் சாவியும் கைமாறிவிட்டன. இப்போது வண்டி யாருடையது? மாணவருடையது என்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டமோ பதிவேட்டில் உள்ள பெயரையே பார்க்கிறது. வண்டி எவர்மீதேனும் மோதி, காப்புறுதியும் காலாவதியாகியிருந்தால், இழப்பீட்டுப் பொறுப்பு விற்றவர் தலையில் விழும். 2018-இல் உச்ச நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது.

ஆகவே முதலில் பெங்களூர்ப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம், 28-ஆம் எண் படிவம். வரி பாக்கி உண்டா, திருட்டு வழக்கு உண்டா என்று பார்த்த பிறகே அதை வழங்குவர். 30 நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் சான்றிதழ் வழங்கப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். அலுவலகத்தின் மௌனம் நமக்குச் சாதகமாவது அபூர்வமல்லவா!

பலர் இடறுவது கெடுக்களில்தான். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால்தான் புதிய எண் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் வாங்கியவர் பெயர் மாற்றத்தை அறிவிக்க 30 நாட்களே உண்டு. எண்ணுக்குரிய அவகாசத்தைப் பெயருக்கும் உரியதென்று எண்ணி மாணவர் வாளாவிருந்தால், அத்தனை மாதமும் அவர் ஓட்டுவது பெங்களூர்க்காரரின் வண்டியே.