காதுதான் அங்கே கண்!

திரையில் ஒன்றுமே இல்லை. வெறும் இருட்டு! ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஆட்டக்காரர். இடப் பக்கத்தில் சருகு மிதிபடும் சப்தம். அடுத்த விநாடி, உறையிலிருந்து வாள் உருவப்படும் ஓசை. இடப் பக்கம் திரும்பி வீசினால் பிழைத்தார். வலப் பக்கம் வீசினாரோ, தலை போயிற்று!

கண் தெரியாதவர்களும் தெரிந்தவர்களும் சரிசமமாக ஆடக்கூடிய ஒலி ஆட்டங்கள் இவை. ஜப்பானில் கென்ஜி ஈனோ என்பவர், பார்வையற்ற ரசிகர்கள் தம் ஆட்டங்களை வெகு பாடுபட்டு ஆடுவதை அறிந்தார். 1997-ல் படமே இல்லாத ஓர் ஆட்டத்தை 'ஸேகா சாடர்ன்' யந்திரத்துக்காக வெளியிட்டார். பிரெய்ல் எழுத்தில் குறிப்புகளும் உடன் வந்தன. 2015-ல் பிரான்ஸிலிருந்து வந்த 'எ பிளைண்ட் லெஜண்ட்' ஆட்டத்தின் நாயகனே கண்ணிழந்த வீரன். மகள் லூயிஸின் குரல்தான் அவனுக்குக் கைத்தடி.

குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது காதுக்கு எப்படித் தெரிகிறது? இடப் பக்கத்து ஓசை இடக் காதைச் சற்று முன்னதாகவும் உரக்கவும் எட்டும். வலக் காதுக்குத் தலை குறுக்கே நிற்கும். இந்தக் கால வித்தியாசம் அதிகம் போனால் ஒரு விநாடியில் பதினாயிரத்தில் ஆறு, ஏழு பங்குதான்! அதைக் கொண்டே மூளை கணக்கைப் போட்டுவிடுகிறது.

இதே கணக்கைத்தான் கம்ப்யூட்டரும் போடுகிறது. ஆனால் அதில் ஒரு பொல்லாத கண்ணி உண்டு. 'மோனோ' ஒலிப்பதிவு ஒற்றை இழை. அதை எந்த இடத்திலும் வைக்கலாம். தூரத்துக்குத் தக்கபடி ஓசை குறையும், திசைக்குத் தக்கபடி காது மாறும். 'ஸ்டீரியோ' பதிவு அப்படியல்ல. இடம் இன்னது, வலம் இன்னது என்று பிரித்துக்கொண்டே அது பிறந்திருக்கிறது. 'ஓபன்ஏஎல்' என்னும் ஒலி நூலகத்தின் விதியே, ஸ்டீரியோ பதிவைத் திசைக் கணக்கில் சேர்க்காமல் அப்படியே ஒலிப்பது என்பதுதான்.

விளைவு? புரோகிராம் எழுதியவர் எதிரியை இருபதடி தள்ளி நிறுத்தியிருப்பார். காலடிச் சப்தமோ இரண்டு காதிலும், கிட்டத்திலேயே கேட்கும். யந்திரம் பிழை என்று முணுமுணுக்கவும் முணுமுணுக்காது! கண்ணுள்ளவர் திரையைப் பார்த்துச் சமாளிப்பார். காதை மட்டும் நம்பியவர் என்ன செய்வார்? தம்முடைய ஆட்டம்தான் சரியில்லை என்று எண்ணிக்கொள்வார்.

பரிகாரம் எளிது. காலடி, கதவு, குரல், வாள் என்று ஓரிடத்திலிருந்து வருவதெல்லாம் மோனோவாக இருக்கவேண்டும். மழை, காற்று, பின்னணி இசை ஆகியவை ஸ்டீரியோவாகவே இருக்கட்டும். நாலாபுறமும் சூழ்வதுதானே அவற்றின் அழகு. இருப்பதை மோனோவாக மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. என்றாலும் மாற்றியபின் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது உசிதம். இரு பக்கத்து அலைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக அமைந்திருந்தால், கூட்டும்போது ஒன்றையொன்று விழுங்கிவிடும்; சப்தமே மிஞ்சாது!

முன்னா, பின்னா என்பது இதைவிடத் தொல்லை. நேர் எதிரிலும் நேர் பின்னாலும் உள்ள ஓசை இரு காதுக்கும் சமமாகவே எட்டுகிறது. வெளியுலகில் காது மடலும் தலையசைப்பும் குட்டை உடைத்துவிடும். ஆட்டத்தில் அதற்காகப் பின்புறத்து ஓசையைச் சற்று மழுக்கிக் கேட்கச் செய்வதுண்டு.

இத்தனையும் செய்தபிறகு, ஆட்டக்காரர் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டால்? எல்லாம் தலைகீழ்தான்! ஆகவே சில ஆட்டங்கள், சண்டை தொடங்குமுன் 'இது இடது, இது வலது' என்று ஒவ்வொரு காதிலும் சொல்லிக் காட்டிவிட்டே உள்ளே விடுகின்றன.