மெய்நிகர் விளையாட்டும் புதிய படைப்பாளரும்: உற்பத்திநிலை நோக்கு

கலைவடிவம் ஒவ்வொன்றும் தனக்கெனச் சில உற்பத்திக் கருவிகளை வேண்டி நிற்கின்றது. நாவலுக்கு அச்சியந்திரம் போல, மெய்நிகர் விளையாட்டுக்குத் தலையில் அணியும் காட்சிக்கருவியும் கணினி மென்பொருளும் இன்றியமையாதன. அனுபவமற்ற சிறு குழுவொன்று தனது முதல் விளையாட்டை ஆக்க முற்படுகையில் எதிர்கொள்ளும் பிரச்சினைகளைத் தனிமனிதத் திறமை கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. கருவியின் இயல்பு, உழைப்பின் ஒழுங்கமைப்பு, உடைமை உறவு ஆகிய மூன்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, கருவியின் இயல்பு. 1968இல் ஐவன் சதர்லண்ட் அறிமுகஞ் செய்த காட்சிக்கருவி இத்துறையின் முன்னோடியாகும். அது கூரையிலிருந்து தொங்கிய பொறியமைப்பொன்றுடன் பிணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கருவி இலகுவானதாயினும் அடிப்படை மாறவில்லை. தலை திரும்புந் திசைக்கேற்ப, இரு கண்களுக்கும் வெவ்வேறு படங்கள் கணந்தோறும் வரையப்படல் வேண்டும். செக்கனுக்கு 90 படங்கள் எனின், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 11 மில்லிசெக்கன் மட்டுமே. படம் பிந்தினாலோ, கண் காணும் அசைவை உட்செவியின் சமநிலைப் புலன் உணராவிடினோ, விளையாடுவோருக்குத் தலைச்சுற்றும் குமட்டலும் ஏற்படலாம். ஆகவே புதியவர் முதலிற் கற்க வேண்டியது எல்லை வகுத்தலாகும்.

2018 மே மாதம் வெளிவந்த 'பீட் சேபர்' இதற்கு நல்ல உதாரணம். விளையாடுபவர் நின்ற இடத்திலேயே நிற்கின்றார்; இசையின் தாளத்துக்கேற்பத் தம்மை நோக்கி வருங் கட்டைகளை ஒளிவாளால் வெட்டுகின்றார். உலாவுவதற்குப் பரந்த உலகமில்லை; ஆதலாற் குமட்டலுக்கும் இடங்குறைவு. இதனை ஆக்கிய யான் இலாவ்ஸ்கியும் விளாடிமிர் ஹிரின்சாரும் விளையாட்டு ஆக்கத்துக்கு முற்றிலும் புதியவரல்லர் என்பது மனங்கொளத்தக்கது. அனுபவமுடையோரே இத்துணைச் சுருங்கிய வடிவத்தைத் தெரிந்தனர் எனின், புதியவருக்கு அது மேலும் பொருந்தும்.

இரண்டாவது, உழைப்பு. பெருநிறுவனத்திற் பலர் பகிர்ந்து செய்யும் நிரலாக்கம், உருவமைப்பு, ஒலியமைப்பு என்பன சிறு குழுவில் ஓரிருவர் மீதே சுமத்தப்படுகின்றன. எனவே அலங்காரமற்ற மாதிரியொன்றை முதலில் அமைத்து, அதனைப் பிறர் அணிந்து பார்க்கச் செய்தலே தக்கது. ஆக்கியோரின் உடல் நாளடைவிற் கருவிக்குப் பழகிவிடுவதால், தம் படைப்புத் தரும் குமட்டலை அவர்களே உணர்வதில்லை. படைப்பாளன் வாசகனிடமிருந்து விலகுவதன் உடலியல் வடிவம் இது எனலாம்.

மூன்றாவதே அடிப்படையானது: கருவி யாருடையது? ஒக்குலஸ் நிறுவனத்தை வாங்கும் தீர்மானத்தைப் பேஸ்புக் 2014இல் அறிவித்தது. விலை ஏறத்தாழ 200 கோடி டொலர். 2019 நவம்பரில் 'பீட் சேபர்' நிறுவனமும் அதன் வசமாயிற்று. 2023 செப்டெம்பரில் யூனிற்றி நிறுவனம், தன் மென்பொருளால் ஆக்கப்பட்ட விளையாட்டு நிறுவப்படுந்தோறும் கட்டணம் அறவிடப்போவதாக அறிவித்தது. படைப்பாளரின் எதிர்ப்புக் கிளம்பியது, நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன, 2024 செப்டெம்பரில் அக்கட்டணம் கைவிடப்பட்டது. கருவி பிறருடைமையாயிருக்கும்வரை உழைப்பின் நிபந்தனைகளும் பிறரால் விதிக்கப்படும் என்பதையும், கூட்டெதிர்ப்பு அவற்றை மாற்றவல்லது என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே புலப்படுத்துகின்றது.

2014இல் மூலநிரல் பொதுவாக்கப்பட்ட கொடோ போன்ற மென்பொருள்கள் புதியவர்க்கு மாற்றுவழியாகின்றன. எனினும் காட்சிக்கருவியும் விற்பனைத்தளமும் பெரும்பாலும் பெருமூலதனத்தின் கையிலேயே உள்ளன. முதல் விளையாட்டை ஆக்கப் புகும் இளைஞர், எதைப் படைப்பது என்பதோடு எதன்மீது நின்று படைக்கின்றோம் என்பதையுஞ் சிந்தித்தல் அவசியம்.