விற்பனைக் கூட்டாளர் உறவு மேலாண்மை மென்பொருளும் கருணாபுரம் எழுப்பும் வினாவும்

முன்னுரை

ஒரு நிறுவனம் தன் பொருளை விநியோகஸ்தர், முகவர், மறுவிற்பனையாளர் ஆகியோர் வழியாக விற்கும்போது, அவர்களுடனான உறவைப் பேண உதவுவது விற்பனைக் கூட்டாளர் உறவு மேலாண்மை மென்பொருள் ஆகும். அதன் செயற்பாட்டையும் எல்லையையும் மெத்தனால் வணிகத்தோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

செயற்படும் முறை

வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள் வாங்குவோரை மையமாகக் கொண்டது; இதுவோ இடையில் நிற்கும் வணிகரை மையமாகக் கொண்டது. கூட்டாளரைச் சேர்த்தல், சான்றுகளைச் சரிபார்த்தல், பயிற்சி, விலைப்பட்டியல், ஊக்கத்தொகைக் கணக்கீடு ஆகியன ஒரே வலைவாயிலில் நடைபெறுகின்றன. இவற்றுள் முதன்மையானது வாய்ப்புப் பதிவு. ஒரு முகவர் தாம் கண்டறிந்த வாடிக்கையாளரை முதலில் பதிவுசெய்தால், குறித்த காலம்வரை அவரிடம் விற்கும் முன்னுரிமை அம்முகவருக்குக் கிடைக்கிறது. முகவர்களுக்கிடையே எழும் பூசல் இதனால் குறைகிறது.

கருணாபுரம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப் பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 65க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகிலுள்ள எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே வேதிப்பொருள் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்திருந்தது. உடலில் இது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது.

மெத்தனால் பிசின், வண்ணப்பூச்சு, மருந்து முதலிய தொழில்களுக்காக ஆலைகளில் உற்பத்தியாவது. எனவே சாராயத்தில் கலக்கும் முன் அது ஏதோவொரு கட்டத்தில் முறையான விற்பனைத் தடத்திலிருந்து விலகியிருத்தல் வேண்டும்.

மென்பொருளின் எல்லை

இத்தகைய மென்பொருள் விற்பனையைப் பெருக்கும் நோக்கில் அமைந்தது. திடீரென இருமடங்கு சரக்கு எடுக்கும் முகவர் அதில் சிறந்த முகவராகவே தோன்றுவார். அவருக்கு ஊக்கத்தொகையும் உயரும். மெத்தனாலைப் பொறுத்தவரை அதே உயர்வு எச்சரிக்கைக் குறியாகக் கொள்ளத்தக்கது. மேலும், பதிவுபெற்ற கூட்டாளரை மட்டுமே மென்பொருள் அறியும். அவரிடமிருந்து சரக்கு யாரிடம் சென்றது என்பதை அவர் பதிந்தாலன்றி அது அறியாது. இறுதிப் பயனரின் உரிமம், அவருடைய தொழில் தேவை, பீப்பாய் எண், பயன்படுத்திய அளவு ஆகியவற்றை ஒப்பிடும் வசதியும், அதனை அரசு அலுவலர் காணும் வழியும் இருப்பின் விலகலை முன்னரே உணரலாம்.

முடிவுரை

2024 ஜூன் இறுதியில் சட்டமன்றம் நிறைவேற்றிய மதுவிலக்குத் திருத்தம், உயிரிழப்பு நேரும் குற்றத்திற்கு ஆயுள் தண்டனைவரை விதிக்க வழிசெய்தது. தண்டனை உயிரிழப்பிற்குப் பின் வருவது. தடக்கண்காணிப்பு அதற்கு முன் நிற்பது. விற்ற அளவை மட்டும் கணக்கிட்டு, விற்ற பொருள் சென்ற இடத்தைக் கணக்கிடாத மென்பொருள் நச்சு வேதிப்பொருள் வணிகத்திற்குப் போதுமானதன்று.