மருதாணி ஆகாத மழலைகள்

விம்கோ நகர், திருவொற்றியூர், இராயபுரம் பகுதிகளில் வாழும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிய கதையைப் பலரும் சொல்வார்கள். தமிழகத்து மலேரியா நோயாளிகளில் பெரும்பகுதியினர் சென்னையிலேயே இருந்த காலம் அது. அல்ஹம்துலில்லாஹ், இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது.

அக்காய்ச்சல் திரும்ப வராதிருக்க 14 நாட்கள் தரப்படும் மாத்திரை பிரைமாகுயின். பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை. சிலருக்கு மட்டும் இரண்டு மூன்று நாட்களில் சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்து, கண் மஞ்சளித்து, உடல் வெளுத்துவிடுகிறது. காரணத்தை 1956இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி அத்தகையோரிடம் பிறவியிலேயே குறைவு. தாய்வழியாக மகனுக்கு வருவதால், ஆண்மக்களையே இது பெரிதும் பற்றுகிறது.

இக்குறை உள்ளவர் ஆண்டுக்கணக்கில் நலமாகவே வாழ்வார். ஒவ்வாத பொருள் ஒன்று நேரும்போதுதான் சிவப்பணுக்கள் உடைகின்றன. அப்பொருள்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன என்பதைத் தாய்மார்கள் அறிய வேண்டும். பாச்சை உருண்டை போட்டு அலமாரியில் வைத்த துணியை எடுத்து, அப்படியே பச்சிளங்குழந்தையைச் சுற்றுகிறோம். துவைத்து வெயிலில் உலர்த்தாமல் அவ்வாறு செய்யவே கூடாது.

மருதாணியும் அத்தகையதே. ஐக்கிய அரபு அமீரகத்தில் மருதாணி பூசப்பட்ட பின் இரத்தம் சிதைந்த நான்கு குழந்தைகளைப் பற்றி 2001இல் மருத்துவர்கள் எழுதினர். அவர்களுள் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. பெருநாளன்று பிள்ளைகள் சிவந்த கையோடு மதரஸாவுக்கு வருவது எனக்கும் மகிழ்ச்சிதான். மருதாணியை நான் வெறுக்கவில்லை. கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன்.

வளைகுடாவில் பணிபுரியும் நம் பிள்ளைகள் உண்ணும் ‘ஃபூல்’ என்னும் அவரைப் பருப்பும் இவர்களுக்கு ஆகாது. நம்மூர் அவரைக்காய் வேறு வகை. அதற்கு அஞ்ச வேண்டாம்.

திடீரெனக் கண் மஞ்சளித்துச் சிறுநீர் கறுத்தால், காமாலை என்றெண்ணிப் பச்சிலை தேடி நாளைக் கடத்தாதீர்கள். அன்றே ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாய்மாமனுக்கோ அண்ணனுக்கோ முன்பு இவ்வாறு நேர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் இக்குறை தெரிந்துவிடும். ஆனால் ஒன்று: பழைய அணுக்கள் உடைந்து புதியவை பெருகியிருக்கும் வேளையில், சோதனை குறையே இல்லை என்று காட்டக்கூடும். மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை சோதித்துக்கொள்வதே சரி.